கடல் கடந்து வரும் காரும் நம் சாலையும்



எங்கள் சிதறாலை வெளியூரார் திருச்சாணத்து மலையின் சமணச் சிற்பங்களால் அறிவர். குமரி மாவட்டத்துப் பிற ஊர்களைப் போலவே இங்கிருந்தும் பொருளீட்டுவதற்காக வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் உண்டு. பல்லாண்டு உழைத்துத் திரும்பும் ஒருவர், அங்கே ஆசையோடு வாங்கிய காரையும் கப்பலேற்றிக் கொண்டுவர எண்ணுவது இயல்பே. 'என் உழைப்பில் வாங்கிய பொருளை என் வீட்டுக்குக் கொண்டுவரச் சட்டம் ஏன் குறுக்கே நிற்கிறது?' என்று அவர் கேட்டால், நாம் என்ன விடை கூறுவது? அதனைச் சற்று ஆராய்வோம்.

உலக நாடுகளைச் சாலை வழக்கத்தால் இரண்டாகப் பிரிக்கலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், சப்பான், இங்கிலாந்து ஆகிய நாடுகளில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கமாகச் செல்லும். வளைகுடா நாடுகளிலும் அமெரிக்காவிலும் வலப்பக்கமாகச் செல்லும். எந்த வழக்கமாயினும், ஓட்டுநர் சாலையின் நடுப்பகுதியை ஒட்டி அமர வேண்டும் என்பதே பொதுவிதி. ஆகவே நம் காரில் ஸ்டியரிங் வலப்பக்கமும், வளைகுடாக் காரில் இடப்பக்கமும் அமைந்துள்ளன.

இவ்வேறுபாடு சிறிதன்று. மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் செல்லும் வழியில் ஒரு பேருந்தின் பின்னால் போகிறீர்கள் என்று கொள்ளுங்கள். வலப்பக்கம் அமர்ந்த ஓட்டுநர் சிறிதே விலகினால் எதிர்வரும் வண்டியைக் கண்டுகொள்வார். இடப்பக்கம் அமர்ந்தவரோ, காரின் பெரும்பகுதி எதிர்த்தடத்திற்குள் புகுந்த பின்னரே காண முடியும். அதற்குள் எதிரே லாரி வந்துவிட்டால் என்ன ஆகும்?

முகப்பு விளக்கும் அவ்வாறே. தாழ்த்திய ஒளி இரு பக்கமும் ஒரே அளவாக விழுவதில்லை. நம் சாலைக்கான விளக்கு இடப்புற ஓரத்தை நெடுந்தூரம் காட்டி, எதிரே வருபவரின் கண் கூசாதபடி வலப்புறம் தாழ்ந்திருக்கும். வலப்பக்கச் சாலைக்கெனச் செய்த விளக்கு இதற்கு நேர்மாறானது. அது நம் ஊரில் எதிரே வருபவரின் கண்ணில் பாயும். சாலையோரம் நடந்து செல்பவரையோ இருளில் விட்டுவிடும்.

இப்போது நம் நாட்டு இறக்குமதி விதிகளை நோக்குங்கள். அவற்றின் காரணம் தானே விளங்கும். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். விளக்கு இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். இங்கிலாந்துக் காரில் ஸ்டியரிங் பொருந்தினாலும் வேகமானி மைலில் காட்டும். அதில் ஐம்பது என்றால் நம் கணக்கில் எண்பது. பழைய காராயின், உற்பத்தியாகி மூன்றாண்டுக்கு மேற்படாததாக இருத்தல் வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகவே வருதல் வேண்டும். வளைகுடாக் கார் முதல் விதியிலேயே தடைபட்டு நிற்கிறது.

'சில வேளைகளில் அரபு எண் பலகையோடு கார்கள் இங்கே ஓடக் காண்கிறோமே?' என்று நீங்கள் கேட்கலாம். அவை 'கார்னே' என்னும் உறுதிச்சீட்டின்பேரில் சில மாதங்களுக்கு மட்டும் விருந்தாக வந்தவை; தவணைக்குள் திரும்பிச் செல்ல வேண்டியவை. இடப்பக்க ஸ்டியரிங் உள்ள வண்டியில் முறையான சைகைக் கருவி இருக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது.

வண்டிக்கும் சாலைக்கும் பொருத்தம் வேண்டும் என்பதற்கு இரு நாடுகள் சான்று. சுவீடனில் மக்கள் இடப்பக்கமாகச் சென்றனர். ஆனால் அவர்களுடைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டியரிங்கும் இடப்பக்கமே இருந்தது. இப்பொருத்தமின்மையும், அண்டை நாடுகள் வலப்பக்கம் சென்றதும் காரணமாக, 1967 செப்டம்பர் 3-ஆம் நாள் நாடு முழுவதும் வலப்பக்கத்திற்கு மாறியது. சமோவாத் தீவு நாடோ 2009 செப்டம்பர் 7-ஆம் நாள் வலத்திலிருந்து இடத்திற்கு மாறியது. ஆத்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மலிவாகக் கிடைக்கும் கார்களைத் தருவிக்க எளிதாகும் என்பதே காரணம். அந்நாடு காருக்காகச் சாலையையே மாற்றிக்கொண்டது! சாலை முழுவதும் மாறினாலன்றித் தனியொருவர் கார் மட்டும் மாறுபட்டு நிற்க இயலாது என்பதை இதனால் உணரலாம்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். சுங்கவரி காரின் விலையையே எட்டிவிடக்கூடும். அதற்குமேல் மாநில வரி உண்டு. இறக்குமதியான பொருளுக்கும் மாநிலங்கள் நுழைவு வரி விதிக்கலாமா என்னும் வழக்கு நெடுங்காலம் நடந்தது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில், விதிக்கலாம் என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு சூலையிலேயே நுழைவு வரி சரக்கு, சேவை வரியுள் அடங்கிவிட்டது. ஆயினும் முன்னரே காரைத் தருவித்தவர்களுக்கு அத்தீர்ப்பு பொருந்திற்று.

ஆகவே, உங்கள் வீட்டார் எவரேனும் வெளிநாட்டிலிருந்து கார் கொண்டுவர எண்ணினால், கப்பற்கூலியை விசாரிக்கும் முன்பே விதிகளை விசாரிக்கச் சொல்லுங்கள். அயலகத்தில் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் துறைமுகத்தில் முடங்கலாகாது. கார் ஒருவருக்குச் சொந்தம். அது ஓடும் சாலையோ பள்ளிக்கு நடந்து செல்லும் குழந்தை உட்பட அனைவருக்கும் சொந்தம். சட்டம் காப்பது அந்தக் குழந்தையைத்தான்.