ஈர்க்கும் இசைத்தூணும்

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி எடுங்கள். ஒரு சாண் நீளத்துக்கு ஒடித்து, இரண்டு விரல்களுக்கு நடுவே நிறுத்தி மேலிருந்து அழுத்துங்கள். லேசாக அழுத்தியதுமே நடுவில் வளைந்து விலகிப்போகும். அதே ஈர்க்கில் ஒரு விரற்கடைத் துண்டை நறுக்கி அழுத்தினால் விரல்தான் வலிக்கும், ஈர்க்கு அசையாது. பொருளும் அதேதான், பருமனும் அதேதான். நீளம் மட்டுமே வேறு.

1744-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் கணித மேதை லியோன்ஹார்ட் ஆய்லர் இதற்குக் கணக்குச் சொன்னார். பருமன் மாறாமல் மெல்லிய தூணின் உயரம் இருமடங்கானால், அது வளையாமல் தாங்கக்கூடிய பாரம் நாலில் ஒன்றாகக் குறையும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்று.

நம் கோயில் தூண்களுக்கு இந்தப் பயம் கிடையாது. அவை உயரத்துக்கு மிஞ்சிய பருமன் கொண்டவை. ஸ்தபதிகளின் கவலை தூணுக்கு மேலே படுத்திருக்கும் உத்தரத்தைப் பற்றியது. கருங்கல் நசுக்குவதைத் தாங்கும், இழுப்பதைத் தாங்காது. பாரம் ஏறிய உத்தரத்தின் அடிப்பக்கம் எப்போதும் இழுபட்டுக்கொண்டிருக்கும். இடைவெளி கூடினால் அங்கேதான் விரிசல் விழும். ஆகவே தூண்களை நெருக்கி நட வேண்டும். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் பிராகாரத்தில் 224 தூண்கள் வரிசை கட்டி நிற்பதன் அழகுக்குப் பின்னே இந்தக் கட்டாயமும் இருக்கிறது. தூணின் தலையில் இருபுறமும் கை நீட்டும் போதிகை, உத்தரம் ஆதாரமில்லாமல் கடக்க வேண்டிய தூரத்தைக் குறைக்கிறது. அலங்காரம் என்று நாம் கடந்துபோகும் போதிகைக்கு இப்படி ஒரு வேலை உண்டு.

எகிப்தின் கர்னாக் கோயிலும் கல் உத்தரம் போட்டது. அதன் பெருமண்டபத்தில் 134 தூண்கள் நெருங்கி நிற்கின்றன. பாரசீகத்தின் பெர்செபோலிஸ் அரண்மனையில் மர உத்தரங்கள். மரம் இழுப்பையும் தாங்கும். அதனால் அங்கே ஏறக்குறைய 20 மீட்டர் உயரத் தூண்களை எட்டு மீட்டருக்கு மேல் தள்ளித் தள்ளி நிறுத்த முடிந்தது.

இனி சுசீந்திரம். தாணுமாலயன் கோயில் அலங்கார மண்டபத்து இசைத்தூண்கள் ஒவ்வொன்றும் ஒரே கல்லில் குடைந்தவை. மெல்லிய தண்டுகள் பல, மேலும் கீழும் தாய்க்கல்லோடு ஒட்டியபடி நிற்கின்றன. தட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம். உள்ளே பொந்து இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத்தூண்களை ஆராய்ந்தபோது, அவை முழுக் கல் என்றே கண்டார்கள். தண்டு இப்படியும் அப்படியும் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து அதிர்வதுதான் நாதமாகிறது.

வியப்பு இங்கேதான். ஒரே பருமனுள்ள தண்டின் நீளத்தை இருமடங்காக்கினால் அதன் அதிர்வெண் நாலில் ஒன்றாகும். சுரம் இரண்டு ஸ்தாயி கீழே இறங்கும். அதே நாலில் ஒன்று! ஆய்லர் கணக்கிட்ட பாரமும் சிற்பி தேடிய சுருதியும், வளைய மறுக்கும் விறைப்பு என்ற ஒரே குணத்திலிருந்து பிறப்பதால்தான் இந்த ஒற்றுமை. இன்னும் ஒன்று: மெல்லிய தூணின் மேல் பாரம் ஏற ஏற அதன் அதிர்வெண் குறையும், வளைந்துவிடும் எல்லையை எட்டும்போது பூஜ்யத்தை நெருங்கும். தண்டைத் தேய்த்து மெலிதாக்கினாலும் சுரம் இறங்கும். கூடுதலாகத் தேய்த்துவிட்டால் கல்லைத் திரும்ப ஒட்ட வழியில்லை. அந்தச் சிற்பிகள் ஆய்லரைப் படித்தவர்கள் அல்லர். காதால் கணக்குப் போட்டவர்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் இதே கணக்கின் இன்னொரு முகம் தெரியும். பறளியாற்றின் மேலே, 1966-இல் கட்டி முடித்த 28 தூண்கள், 115 அடி உயரம் வரை. அவை சுமக்கும் தொட்டி ஏழரை அடி அகலம், ஏழு அடி உயரம். நிறைந்து ஓடினால் மீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து டன் தண்ணீர். இத்தனை உயரத்தில் பக்கவாட்டில் காற்றும் தள்ளும்; தள்ளினால் தூணின் ஒரு பக்கம் இழுபடப் பார்க்கும். கான்கிரீட்டும் கல்லைப் போலத்தான், இழுப்புக்கு ஆகாது. உள்ளே ஓடும் கம்பி அந்த இழுப்பை வாங்கிக்கொள்கிறது. திருவட்டாற்றுக்கும் மாத்தூருக்கும் தூரம் சில கிலோமீட்டர்தான். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சுசீந்திரத்துக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இசைத்தூண்களை நாணயத்தாலோ சாவியாலோ கல்லாலோ தட்டாதீர்கள். விளிம்பில் ஒரு சில்லுப் பெயர்ந்தாலும் அந்தத் தண்டின் சுரம் திரும்பி வராது.