சிறு சக்கரங்களில் டயர் பொருத்தும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் முதலிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் எல்லையில் உள்ள போடிமெட்டு, குமுளி முதலிய இடங்களிலும் சிறு சக்கர வண்டிகள் பல பணிகளுக்குப் பயன்படுகின்றன. ஸ்கூட்டர், ஆட்டோரிக்‌ஷா, காற்றடைத்த டயருள்ள தள்ளுவண்டி, குட்டி மோட்டார் சைக்கிள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. தேயிலைத் தோட்டங்களையும் ஏலத் தோட்டங்களையும் ஒட்டிய குடியிருப்புகளுக்குப் பட்டறை தொலைவாதலின், வீட்டு முற்றத்திலேயே டயரை மாற்ற முற்படுவோர் உளர். சக்கரம் சிறிதாயின் வேலையும் எளிதாகும் என்று அவர்கள் எண்ணுவது இயல்பே. ஆனால் உண்மை இதற்கு மாறானது. சிறிய டயரைப் பொருத்துவது பெரிய டயரைப் பொருத்துவதைவிடக் கடினம். முறையறியாது செய்யின் ஆபத்தும் உண்டு. அதன் காரணத்தையும், தக்க முறையையும் இங்கே விளக்குவோம்.

டயரின் அமைப்பு

1888-ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனுடைய முச்சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரை அமைத்தார். அக்காலத்தில் டயரைச் சக்கரத்துடன் ஒட்டியே வைத்தனர். 1890-இல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பவர், டயரின் உள்விளிம்பில் கம்பி வளையத்தைப் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய டயர்களுக்கும் இம்முறையே அடிப்படை.

டயரின் இரு உள்விளிம்புகளிலும் உருக்குக் கம்பி வளையம் உண்டு. ரப்பர் நீளும், இவ்வளையம் நீளாது. ரிம்மின் இரு ஓரங்களிலும் மேலெழும்பிய உதடுகள் உள்ளன. வளையம் உதட்டைத் தாண்டி உள்ளே அமர வேண்டும். அமர்ந்தபின் வெளியே வராமலும் இருக்க வேண்டும்.

டயரின் பக்கச்சுவரில் 4.00-8 என்று பொறித்திருப்பின், அகலம் ஏறத்தாழ 4 அங்குலம், ரிம்மின் விட்டம் 8 அங்குலம் என்பது பொருள். 90/100-10 என்றிருப்பின், அகலம் 90 மில்லிமீட்டர், உயரம் அகலத்தின் 100 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 10 அங்குலம் எனக் கொள்க. கடைசி எண் ரிம்முடன் ஒத்திராத டயரை எவ்வகையிலும் பொருத்தலாகாது.

சிறியது கடினமாவது ஏன்?

ரிம்மின் உதடு 1.3 செ.மீ. உயரமுடையது என வைத்துக்கொள்வோம். 8 அங்குல ரிம்மின் விட்டம் ஏறத்தாழ 20 செ.மீ. உதட்டையும் சேர்த்தால் 22.6 செ.மீ. ஆகிறது. அதாவது, நீளாத வளையம் தன்னைவிட 13 விழுக்காடு பெரிய தடையைத் தாண்ட வேண்டும். 18 அங்குல மோட்டார் சைக்கிள் ரிம்மின் விட்டம் ஏறத்தாழ 46 செ.மீ. அதே உதடு அங்கே 6 விழுக்காட்டிற்கும் குறைந்த தடையே ஆகும். மேலும், சிறிய டயரின் பக்கச்சுவர் குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால் எளிதில் வளைவதில்லை.

இத்தடையைக் கடக்க இரண்டு வழிகள் உள. ஒன்று, ரிம்மை இரண்டு தட்டுகளாகச் செய்து, டயரை இடையில் வைத்து நட்டுகளால் இறுக்குவது. பழைய ஸ்கூட்டர்களிலும் பல ஆட்டோரிக்‌ஷாக்களிலும் இவ்வமைப்பைக் காணலாம். மற்றொன்று, ஒரே துண்டாக உள்ள ரிம்மின் நடுவே பள்ளம் அமைப்பது. ட்யூப் இல்லாத டயரையுடைய இக்கால ஸ்கூட்டர்களில் இவ்வகை உள்ளது.

முதன்மையான எச்சரிக்கை

இருதட்டு ரிம்மில் நட்டுகள் இரண்டு வரிசைகளாக இருக்கும். ஒரு வரிசை சக்கரத்தை வண்டியுடன் பிணைப்பது; மற்றொரு வரிசை இரு தட்டுகளையும் ஒன்றுடனொன்று பிணைப்பது. வழியில் டயர் பழுதுற்று ஸ்டெப்னியை மாற்றும்போது முதல் வரிசையை மட்டுமே கழற்ற வேண்டும். காற்று நிறைந்திருக்கையில் இரண்டாம் வரிசையைத் தளர்த்துவது உயிருக்கே கேடாகலாம்.

சதுர அங்குலத்திற்கு 25 பவுண்டு அழுத்தம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.8 கிலோ ஆகும். பக்கச்சுவரில் 300 சதுர செ.மீ. பரப்பை மட்டும் கணக்கிற்கொண்டாலும், தட்டுகளை வெளிப்புறமாகத் தள்ளும் விசை 540 கிலோ எடைக்கு ஒப்பாகிறது. 50 கிலோ அரிசி மூட்டைகள் பத்தினும் மிகுந்த பாரம் இது. அதைத் தாங்கி நிற்பவை அச்சிறு நட்டுகளே. சில நட்டுகளைக் கழற்றியதும் எஞ்சியவை முறிந்து தட்டு தெறிக்கக்கூடும். ஆதலால், தட்டுகளைப் பிணைக்கும் நட்டுகளுக்கு முன்கூட்டியே சிவப்பு வண்ணம் பூசி வைப்பது நன்று. வண்டி யார் கைக்கு மாறினும் அவ்வடையாளம் எச்சரிக்கும்.

இருதட்டு ரிம்மில் பொருத்துதல்

சக்கரத்தை வண்டியினின்று கழற்றுமுன் வால்வின் உள்ளூசியைத் திருகி முழுவதும் வெளியே எடுக்க வேண்டும். ஊசியை அழுத்திக் காற்றை விடுவது மட்டும் போதாது. பின்னர் மெல்லிய கம்பியை வால்வினுட் செலுத்தி, துளை அடைபடவில்லை என்பதை உறுதிசெய்க. சக்கரத்தைத் தரையிற் கிடத்தி, ரிம்மை ஒட்டி டயரைக் காலால் மிதித்து இரு புறமும் பிரிக்க வேண்டும். டயர் தளர்ந்து அமுங்கினால் மட்டுமே சிவப்பு நட்டுகளைத் தொடலாம். அவற்றையும் எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துக.

தட்டுகளில் துருவிருப்பின் கம்பித்தூரிகையால் தேய்த்து நீக்க வேண்டும். வெடிப்போ, நெளிவோ, துளை விரிந்த அடையாளமோ காணப்படின் அத்தட்டைத் தள்ளிவிடுக. புது ட்யூபில் வடிவம் பெறும் அளவிற்கு மட்டும் சிறிது காற்றடைத்து, வெண்பொடி தூவி, டயரினுள் வைக்க வேண்டும். தட்டையான ட்யூப் மடிந்து இரு தட்டுகளுக்கிடையே சிக்குவதே வீட்டு வேலையில் நேரும் பொதுவான தவறு. தட்டுகளைச் சேர்த்தபின் இடைவெளியைச் சுற்றிலும் பார்த்து, ட்யூப் வெளித்தெரியவில்லை என்று கண்ட பிறகே நட்டுகளை எதிரெதிராக இறுக்குக. பாதி அழுத்தம்வரை காற்றடைத்து, மீண்டும் விட்டு, மறுபடி அடைத்தால் ட்யூபின் மடிப்புகள் நீங்கும்.

நடுப்பள்ள ரிம்மில் பொருத்துதல்

இங்கே வலிமையைவிட வடிவ அறிவே பயன்படும். உள்விளிம்பின் ஒரு புறம் பள்ளத்தில் இறங்கினால் எதிர்ப்புறத்திற்கு இடம் கிடைக்கிறது. அவ்விடத்தை லிவரால் உதட்டின்மேல் ஏற்ற வேண்டும். லிவர் அசையாதபோது மேலும் முயல்வது கூடாது. எதிர்ப்புறம் பள்ளத்தினின்று மேலேறிவிட்டது என்பதே அதன் பொருள். முழங்காலால் அதனை மீண்டும் பள்ளத்தில் அழுத்துக.

வழுக்குவதற்குச் சோப்பு நீரே தக்கது. மண்ணெண்ணெய், பெட்ரோல், கிரீஸ் ஆகியவை இயற்கை ரப்பரை உப்பச்செய்து வலுவிழக்கச் செய்யும்.

ட்யூப் இல்லாத டயரில் கைப்பம்பினால் அடிக்கும் காற்று, உள்விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே வெளியேறிவிடும். டயரின் வெளிவட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு கோலைச் செருகி முறுக்கினால், டயரின் நடுப்பகுதி அமுங்கி, உள்விளிம்புகள் இரு புறமும் விரிந்து ரிம்மில் ஒட்டும். காற்று நிற்கத் தொடங்கியதும் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். எரிபொருளைத் தெளித்துத் தீமூட்டி விளிம்பை அமர்த்துவதை எக்காரணத்தாலும் செய்யலாகாது. காற்றடைக்கையில் முகத்தைச் சக்கரத்திற்கு நேரே வைத்தலும் தவறு. டயரிற் குறித்த மிகுதியான அழுத்தத்தை எட்டியும் விளிம்பு அமரவில்லையெனில், காற்றை விட்டுச் சோப்பு நீரிட்டு மீண்டும் தொடங்குக.

மலையும் சமவெளியும்

பாலக்காடு நகரம் கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலே செல்லச் செல்ல வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், டயரில் அழுத்தமானி காட்டும் எண் உயரும் என்று சிலர் வழியிற் காற்றை விட்டுவிடுகின்றனர். இது தேவையற்றது. பாலக்காட்டில் 35 பாகை வெப்பத்தில் 25 பவுண்டு அடைத்த டயர், வெப்பம் மாறாமல் மூணாற்றை அடைந்தால் 27 பவுண்டுக்குச் சற்று மேலாகக் காட்டும். ஆனால் அங்கு வெப்பம் 15 பாகையாகி டயரும் குளிர்ந்தால், உட்காற்று சுருங்கி மீண்டும் ஏறத்தாழ 25 பவுண்டே காட்டும். உயரத்தின் விளைவும் குளிரின் விளைவும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. ஒரே ஊரில் பகல் 25 பாகையும் பின்னிரவு 5 பாகையுமாக இருப்பின் அழுத்தம் ஏறத்தாழ இரண்டரைப் பவுண்டு குறையும். ஆகவே, காலையில் வண்டி ஓடுமுன் அழுத்தத்தை அளந்து, வண்டியின் கையேட்டிற் கண்டபடி சரிசெய்வதே முறையாகும்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இவ்வுண்மைகளை எளிய சோதனைகளால் காட்டலாம். ஒரே அளவுள்ள இரு ரப்பர் வளையங்களுள் ஒன்றை நீரிலும் மற்றொன்றை மண்ணெண்ணெயிலும் ஒரு நாள் ஊறவைத்தால், பின்னது உப்பி வலுவிழந்திருப்பதை மாணவர் காண்பர். 1902-இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் வணிக முறையில் ரப்பர் பயிரிடத் தொடங்கிய நாட்டின் பிள்ளைகளுக்கு அப்பொருளின் இயல்பு தெரிந்திருத்தல் தகும். பழுதான இருதட்டு ரிம் ஒன்றைப் பெற்று, காற்றின்றி, நட்டுகளின் இரு வரிசைகளையும் அவர்களே பிரித்தறியச் செய்க. காற்று கண்ணுக்குப் புலப்படாதது. ஆயினும் பத்து மூட்டை அரிசியின் பாரத்தோடு அச்சக்கரத்தினுள் அடங்கியிருக்கிறது. அதனை முற்றிலும் வெளியேற்றிய பின்னரே ஸ்பேனரை எடுக்க வேண்டும் என்னும் ஒரு விதியை இளமையிலேயே கற்பித்துவிட்டால், கைகளும் கண்களும் காக்கப்படும்.