வைத்தியம் இலவசம், முதலாளியின் கடமை?

யுத்த காலத்தில் முடங்கிக் கிடந்த ஆனையிறவு உப்பளத்தில் 2025 மார்ச்சில் புதிய உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. வன்னிப் பெண்களுக்கு வேலை முக்கியம். அந்த வேலையில் நோய் வந்தால் யார் பொறுப்பு என்பதும் முக்கியம்.

"அதுதான் ஆஸ்பத்திரி இலவசமாச்சே" என்று சொல்லித் தட்டிக்கழிக்கும் முதலாளிமார் எங்கும் உண்டு. அரசு செலவை ஏற்றால் முதலாளி கையை விரித்துவிடுவாரா என்ற கேள்வி வெளிநாடுகளிலும் எழுந்ததுதான். அமெரிக்காவில் பெரும்பாலான தொழிலாளரின் மருத்துவக் காப்புறுதி வேலைத்தலத்தின் மூலமே கிடைக்கிறது. தாமாகக் காப்புறுதி வாங்குவோருக்கு அரச மானியம் வழங்கும் சட்டம் 2010இல் வந்தது. மானியத்தைக் காட்டி முதலாளிமார் விலகிவிடாதிருக்க, 50 முழுநேர ஊழியருக்குக் குறையாத நிறுவனங்கள் காப்புறுதி வழங்க வேண்டும், தவறினால் தண்டப்பணம் கட்ட நேரும் என்றும் அச்சட்டம் விதித்தது.

எமது நாட்டில் அரச வைத்தியசாலையே பெரிய மானியம். ஆயினும் இழந்த நாட்கூலியையோ, வாகனச் செலவையோ, வெளியில் வாங்கும் மருந்தின் விலையையோ அது தராது. இலவச வைத்தியம் தரும் அரசே தன் உத்தியோகத்தருக்கு 'அக்ரஹார' காப்புறுதியை வைத்திருக்கிறது. அப்படியானால் உப்பு வாரும் பெண்ணுக்கு என்ன உண்டு?

சட்டத்தில் உண்டு. வேலையில் நேரும் விபத்துக்குத் தொழில்தருநர் நட்டஈடு கொடுக்க வேண்டுமென 1934ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கூறுகிறது. 1980ஆம் ஆண்டின் சட்டப்படி, ஊழியர் நம்பிக்கை நிதிக்குச் சம்பளத்தில் 3 வீதத்தை முதலாளியே கட்ட வேண்டும். உங்கள் கூலியில் கழிக்கக்கூடாது. இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்வில்லை பொருத்துதல் ஆகியவற்றுக்கு இந்நிதியிலிருந்து உதவி பெறலாம். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கும் கொடுப்பனவு உண்டு. நாட்கூலி, தற்காலிக வேலை என்று சொல்லி இதை மறுக்க முடியாது. ஆனால் பணம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால்தான் உதவி கிடைக்கும்.

ஆகவே சகோதரிகளே, வேலைக்குச் சேர்ந்தவுடன் உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள். ஒப்பந்தகாரர் மூலம் சேர்ந்திருந்தால், பணம் கட்டுபவர் யார் என்று விசாரியுங்கள். சம்பளச் சிட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால், பலராகச் சேர்ந்து ஊழியர் நம்பிக்கை நிதிச் சபையிடம் எழுத்தில் முறையிடுங்கள். படுக்கையில் விழுந்தபின் தேடினால் காலம் கடந்துவிடும்.