தொலைந்தது பொதுச் சாவியா, தனிச் சாவியா?

இறுதியாண்டுத் திட்டப்பணியை ஒப்படைக்க ஒரு வாரம் இருந்தபோது, அறைத்தோழன் பதறிக்கொண்டு வந்தான். புதிய சேவையகத்தில் பதிவுசெய்யப் பொதுச் சாவியைக் கேட்கிறார்கள். அவனோ அந்தக் கோப்பை அழித்துவிட்டிருந்தான். "தனிச் சாவி இருக்கிறதா?" என்று கேட்டேன். இருந்தது. சாவிகளை உருவாக்கும் அதே மென்பொருளில் ஒரு கட்டளை கொடுத்ததும் பொதுச் சாவி திரையில் வந்து நின்றது. அவன் வாய்பிளந்தான்.

இதில் மாயம் ஏதுமில்லை. இடைநிலைப்பள்ளியில் 'நொம்போர் பெர்டானா' என்று படித்தோமே, அந்தப் பகா எண்களின் வேலைதான். ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவரும் 1977-இல் கண்ட ஆர்.எஸ்.ஏ. முறையைப் பாருங்கள். மறு ஆண்டு வெளிவந்த கட்டுரையில் அவர்களே காட்டிய சிறிய எண்கள் இவை:

47-ஐயும் 59-ஐயும் பெருக்கினால் 2773. இதை ஊரறியச் சொல்லலாம். இரண்டிலும் ஒன்றைக் குறைத்து, 46-ஐ 58-ஆல் பெருக்கினால் 2668. இது இரகசியம். தனிச் சாவியின் எண் 157 என்று வைத்துக்கொள்வோம். 157-ஐ எதனால் பெருக்கி 2668-ஆல் வகுத்தால் மீதி 1 வரும்? விடை 17, பெருக்குத்தொகை 2669. ஆக, 2773-உம் 17-உம் சேர்ந்ததே பொதுச் சாவி.

நடைமுறையில் இந்தக் கணக்குகூடத் தேவைப்படுவதில்லை. ஆர்.எஸ்.ஏ. தனிச் சாவிக் கோப்புக்குள்ளேயே பகா எண்களும் பொது எண்களும் எழுதப்பட்டிருக்கும். மென்பொருள் எடுத்துக் காட்டினால் போதும்.

எதிர்த்திசையில் போவதுதான் கடினம். 2773-ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு 47, 59 என்று பிரிக்க வேண்டும். இதை நீங்களே கால்குலேட்டரில் செய்துவிடுவீர்கள். ஆனால் 2048 பிட் சாவியில் அந்த எண்ணுக்கு 617 இலக்கங்கள்! 2020-இல் ஆய்வாளர்கள் பல கணினிகளைப் பூட்டிப் பிரித்த ஆர்.எஸ்.ஏ. எண்ணுக்கு 250 இலக்கங்களே.

ஆகவே பொதுச் சாவி தொலைந்தால் மீட்கலாம். தனிச் சாவி தொலைந்தால் மென்பொருளை எழுதியவராலும் மீட்டுத்தர முடியாது. 1998 அக்டோபரில் நடப்புக்கு வந்த நம் நாட்டு இலக்கமுறைக் கையொப்பச் சட்டம் 1997, தனிச் சாவியை அதனை முறையாக வைத்திருப்பவரின் சொந்தச் சொத்து என்றே கூறுகிறது. அதைப் பாதுகாக்கும் கடமையும் அவருடையதே.

இதையெல்லாம் விளக்கி முடித்தபோது நண்பன் சற்று நெளிந்தான். குழுவினர் வசதிக்காகத் தனிச் சாவியை வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறானாம். மீட்டெடுத்த சாவியைத் தூக்கியெறிந்துவிட்டு, அன்றிரவே புதிய சாவிகளை உருவாக்கினோம்.