சீனத் தேநீர்க் கலங்கள்: வெள்ளியும் மண்ணும்

ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் அரண்மனைகளில் மட்டும் தேட வேண்டியதில்லை. மக்கள் புழங்கும் பாத்திரங்களிலும் தேடலாம். தேநீர் அருந்துவதையே ஒரு கலையாக வளர்த்தவர்கள் சீன மக்கள். அக்கலைக்கென அவர்கள் வெள்ளியிலும் மண்ணிலும் செய்த கலங்களைப் பற்றி இங்குக் காண்போம்.

முதலில் வெள்ளி. சீனாவின் ஷான்சி மாநிலத்தில் ஃபாமென் என்னும் பௌத்தக் கோயில் உள்ளது. 1981-இல் அதன் பழைய கோபுரம் பாதி சரிந்தது. 1987-இல் அடித்தளத்தைத் தோண்டியபோது, கி.பி. 874-இல் மூடப்பட்ட நிலவறை ஒன்று வெளிப்பட்டது. தாங் மரபுப் பேரரசர் காணிக்கையாக அளித்த தேநீர்க் கருவிகள் அதில் இருந்தன. கம்பியால் பின்னிய கூடை, பொன் முலாம் பூசிய அரைக்கும் கருவி, சல்லடைப் பெட்டி, ஆமை வடிவச் சிமிழ், உப்பு வைக்கும் தட்டு எனப் பலவும் வெள்ளியால் ஆனவை.

தேநீருக்கு உப்பு எதற்கு என்று கேட்கலாம். அக்காலத்தில் தேயிலையை அழுத்தி வட்டுகளாகச் செய்து வைத்திருந்தனர். அதை வாட்டி, பொடித்து, சலித்து, உப்பிட்ட கொதிநீரில் இட்டுப் பருகினர். ஆகவே அக்கருவிகளில் வெறும் அலங்காரத்துக்கென்று செய்தது எதுவுமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது.

1391-இல் மிங் மரபின் முதல் பேரரசர் வட்டுத் தேயிலையைக் கப்பமாகப் பெறும் வழக்கத்தை நிறுத்தினார். உதிரித் தேயிலையை வெந்நீரில் ஊற வைக்கும் முறை பரவியது. அரைக்கும் கருவிக்கு வேலை போயிற்று. சிறு கெண்டி தேவையாயிற்று. அத்தேவையால் புகழ் பெற்ற ஊரே சியாங்சு மாநிலத்து யீசிங்.

அங்குக் கிடைக்கும் மண்ணை 'ஊதா மண்' என்பர். அதிலுள்ள இரும்பு ஆக்சைடே செம்மையும் பழுப்பும் கலந்த நிறத்தைத் தருகிறது. கெண்டிக்கு மெருகுப்பூச்சு இல்லை. சுட்ட பின்னும் நுண்துளைகள் எஞ்சுவதால், பழகப் பழகத் தேநீரின் மணம் சுவரில் படிகிறது. அதனால் ஒரு கெண்டியில் ஒரு வகைத் தேயிலையையே இடுவர்.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது இது: வெள்ளியின் வெப்பங்கடத்தும் திறன் சுட்ட மண்ணைப் போலச் சில நூறு மடங்கு. எனவே நீரை விரைந்து சுட வைக்க வெள்ளி நன்று. ஆனால் வெள்ளிக் கோப்பை உதட்டைச் சுடும். வெப்பத்தையும் விரைவில் இழக்கும். ஊற வைக்கவும் பருகவும் மண்ணும் பீங்கானுமே ஏற்றவை. விலையில் உயர்ந்தது எல்லா வேலைக்கும் உயர்ந்ததன்று.

யீசிங் கெண்டியைச் சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணைத் தட்டித் தகடாக்கி, வளைத்து, ஒட்டி, மரப் பலகையால் அடித்து உருவாக்குகின்றனர். என் பாட்டனார் பானை வனைந்தவர். சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த பானையின் அடியை அவரும் பலகையால் தட்டியே மூடுவார். அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. யீசிங் கெண்டியின் அடியில் செய்தவரின் முத்திரை இருக்கும். மிங் காலத்து ஷீ தாபின், 1996-இல் மறைந்த கு சிங்சோ ஆகியோரின் பெயரைச் சொல்லியே அவர்கள் கெண்டிகளைப் போற்றுகின்றனர். இக்கலையின் முன்னோடியாகச் சொல்லப்படும் கோங் சுன் ஒரு வேலையாள் என்பது மரபுச் செய்தி. வேலையாளின் பெயர் நிலைத்துவிட்டது! என் பாட்டனார் ஆயிரக்கணக்கில் பானைகள் செய்தார். ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. சந்தையில் அவற்றை வாங்கியவர் யாரும் அதைக் கேட்டதுமில்லை.

சீனரின் தேநீர்த் தட்டில் இன்று மற்றொரு கலமும் உண்டு. அதன் பெயருக்கு 'நடுநிலைக் கோப்பை' என்று பொருள் கொள்ளலாம். கெண்டியிலிருந்து முதலில் வடிவது நீர்த்தும், கடைசியில் வடிவது கடுத்தும் இருக்கும். எனவே அனைத்தையும் இக்கோப்பையில் வடித்துக் கலந்து பிறகே பகிர்வர். முதல் விருந்தினருக்கும் கடைசி விருந்தினருக்கும் ஒரே சுவை! கல்வியும் மதிப்பும் அவ்வாறே பகிரப்பட வேண்டும். கைத்தொழிலாளர் வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வந்துள்ள நாம், அக்கைகளின் பெயரை மறவாதிருப்போமாக.