பதினைந்து விநாடித் தலைவர்



ஒரு மாலை நந்தனம் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். அருகிலிருந்த கல்லூரி மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு குறுங்காணொளியைக் காட்டினார். அரசியல் தலைவர் ஒருவர் காரினின்று இறங்குகிறார். மெல்ல நடந்து கையை உயர்த்துகிறார். பின்னணியில் முரசு அதிர்கிறது. பதினைந்து விநாடிகளில் எல்லாம் முடிந்தது.

"என்ன கம்பீரம், ஐயா!" என்றார்.

"சட்டமன்றத்தில் அவர் என்ன பேசினார், தம்பி?" என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் தெரியவில்லை. ஆயினும் அந்த நடை மட்டும் என் மனத்தைவிட்டு அகலவில்லை. இஃது எவ்வாறு நேர்கிறது?

சென்ற நூற்றாண்டில் ரஷ்யத் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி காட்டாத ஒரு நடிகரின் முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும், பின்னர்ச் சவப்பெட்டியோடும் அடுத்தடுத்து இணைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் முதலில் பசியையும் அடுத்துத் துயரையும் அம்முகத்தில் கண்டனர் என்பர். முகம் ஒன்றே, அடுத்து வைத்த காட்சிதான் வேறு.

குறுங்காணொளியின் தொழிலும் இதுவே. ஓட்டத்தை மெதுவாக்கினால் சாதாரண நடை கம்பீரமாகிறது. தடுமாறிய சொல் வெட்டப்படுகிறது. எதிர்க்கட்சிக்காரரைக் காட்டும்போதோ, தடுமாற்றம் மட்டும் எஞ்சி, கேலி இசை சேர்கிறது.

படத்தின் வலிமை நமக்குப் புதிதன்று. இந்த அண்ணா சாலை வழியே தெற்கே சென்றால் பரங்கிமலையை அடையலாம். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் அவர் இருந்த படம் சுவரொட்டியாகப் பரவியது. மருத்துவமனையில் இருந்தபடியே, அடுத்த மாதத் தேர்தலில் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அந்தக் காயம் மெய்யானது. எனினும், படத்தைக் கண்டோர் உள்ளத்தில் திரையில் கண்ட வீரனும் உடனெழுந்தான்.

அன்று சுவரிலிருந்த படத்தை ஊரே கண்டது. மறுத்துப் பேசவும் இடமிருந்தது. இன்றோ அவரவர் உள்ளங்கையில் அவரவர்க்கு உகந்த காட்சியே வருகிறது. விரும்பிப் பார்த்ததைப் போன்றவற்றையே செயலி மேலும் கொணர்கிறது. பலமுறை கண்ட முகம் பழகிய முகமாகி, நம்பத்தக்கதாகவும் தோன்றிவிடுகிறது.

1989 முதல் 18 வயது நிரம்பியோர்க்கு நம் நாட்டில் வாக்குரிமை உண்டு. ஆதலின் உங்களுக்கு ஒன்று சொல்வேன். காணொளியை ஒருமுறை ஒலியின்றிப் பாருங்கள். பின்னர், தேர்தல் ஆணையம் வெளியிடும் வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள். அவருடைய சொத்தும், அவர்மீதுள்ள வழக்குகளும் அதில் இருக்கும். பின்னணி இசை இராது.

அன்று அந்த மாணவரும் ஒலியை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தார்.

"காரிலிருந்து இறங்கி நடக்கிறார், ஐயா. அவ்வளவுதான்" என்றார்.