கையெழுத்து வாங்கினால் பொறுப்புப் போய்விடாது

சித்திரைப் புத்தாண்டு நெருங்கினால் களுபோவில, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் வேலை செய்யும் மலையகத்தார் ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். அங்கே விளையாட்டுக் கழகம் நடத்தும் மரதன் ஓட்டம் காத்திருக்கும். பெயர்தான் மரதன், தூரம் 42 கிலோமீற்றர் இல்லை. லயத்தடியில் தொடங்கி, தேயிலை மலைகளுக்கு நடுவே வளைந்தேறும் ரோட்டில் சில கிலோமீற்றர் ஓடித் திரும்ப வேண்டும். பொடியன்களோடு ஐம்பதையும் அறுபதையும் தாண்டியவர்களும் கோட்டில் வந்து நிற்பதுண்டு.

நிற்கலாம். முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023இல், தன் 72ஆவது வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றார். வயதைச் சொல்லி யாரையும் வீட்டில் உட்கார வைக்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் தொடர்ந்த பயிற்சி இருந்தது. வருடம் முழுக்கக் கடையிலும் கந்தோரிலும் இருந்துவிட்டு, ஒரு நாள் காலையில் மலை ஏறி ஓடுவது வேறு விஷயம்.

நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் ஓட்டத்தின்போது திடீரென இறப்பதற்கு முதன்மைக் காரணம் இதய இரத்தக் குழாய் அடைப்பு. அது பல வருடம் சத்தமில்லாமல் வளரும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காலி வீதியின் சமதரையில் நடந்து பழகிய இதயம், அந்த உயரத்தில் ஏற்றத்தைச் சந்திக்கும்போது கூடுதலாக உழைக்கிறது. கோயம்புத்தூர் வெள்ளியங்கிரி மலையில் 2024 மார்ச்சில் ஏறிய பக்தர்கள் சிலர் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏறுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். இறக்கத்தையும் லேசாக நினைக்க வேண்டாம். முழங்காலும் தொடைத் தசையும் அடிபடுவதும், விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

மருந்து எடுப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கிளிக்கிளசைட் அல்லது இன்சுலின் எடுக்கும் நீரிழிவுக்காரர் சாப்பிடாமல் ஓடினால் சீனி சடாரென்று இறங்கும். பிரஷருக்குச் சிறுநீர் போக்கும் குளிசை எடுப்பவருக்கு உடம்பில் நீர் குறையும். அட்டனலோல் போன்றவை நாடித் துடிப்பை அடக்கி வைப்பதால், நாடியைப் பார்த்து உழைப்பை அளக்க முடியாது. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனக் போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்துக்கு ஆபத்து. நீரிழிவு, பிரஷர் மருந்துகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கிளினிக் கொப்பியோடு போய், "மலையில் ஓடப் போகிறேன்" என்று வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். களுபோவில கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையில் கிளினிக் போகிறவர்கள் அடுத்த முறையே கேட்டுவிடலாம். கிளினிக் இல்லாதவர்கள், 35 வயதைத் தாண்டியவர்களுக்காக அரசு நடத்தும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்தில் பிரஷரையும் சீனியையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஓடும்போது நெஞ்சு இறுகினால், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால், தலை சுற்றினால் உடனே நில்லுங்கள். நீரிழிவு உள்ளவருக்கு நெஞ்சுவலியே வராமல், குளிர் வியர்வையும் களைப்பும் மட்டும் வரலாம். "வாயு" என்று சோடா குடித்துப் பொழுதைக் கழிப்பதுதான் நம்மவர்களிடம் நான் காணும் மிக ஆபத்தான பழக்கம். அழைக்க வேண்டியது 1990. சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. விழுந்தவர் அசைவில்லாமல், மூச்சில்லாமல் கிடந்தால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். ஒவ்வொரு நிமிடத் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

இனி ஏற்பாட்டாளர் பக்கம். அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் 2024 மார்ச்சில் பாடசாலை மரதனில் ஓடிய 16 வயது மாணவன் உயிரிழந்தான். பதினாறு வயதிலேயே இப்படி நடக்கலாம் என்றால், அறுபது வயதுக்காரரை ஓட விடுகிறவர்கள் எவ்வளவு முன்யோசனையோடு இருக்க வேண்டும்! பெயர் கொடுக்கும்போதே கேளுங்கள்: தண்ணீர் எத்தனை இடத்தில்? பொலிஸுக்கு அறிவித்து வாகனங்களை மறிப்பீர்களா? முதலுதவி தெரிந்தவர் யார்? அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் சொல்லியாயிற்றா? பதில் இல்லாத இடத்தில் ஓடாதீர்கள்.

"எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்குவார்கள். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டப்படி, வியாபாரமாக நடத்தப்படும் நிகழ்வில் கவனயீனத்தால் மரணமோ காயமோ ஏற்பட்டால், அப்படியொரு வாசகத்தைக் காட்டித் தப்ப முடியாது. ஊர்க் கழகமானாலும் கவனயீனத்துக்கு நட்டஈடு கேட்க நம் பொதுச் சட்டத்தில் வழி இருக்கிறது. கால் சுளுக்குவது நீங்கள் ஏற்றுக்கொண்ட அபாயம். லொறி வரும் ரோட்டில் மறிப்பில்லாமல் ஓட விட்டது அப்படியல்ல.

காயம் பட்டால் வைத்தியசாலைச் சிட்டை, பதிவுத் துண்டு, ரோட்டின் படங்கள், கண்டவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே சேர்த்து வையுங்கள். நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஊருக்குள் பகை வேண்டாம் என்பவர்கள் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். வருமானம் குறைந்தவர்களுக்குப் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு உதவும். உயிரே போயிருந்தால், திடீர் மரண விசாரணையில் குடும்பத்தார் வாய் மூடி இருக்கக் கூடாது. தண்ணீர் இருந்ததா, அம்புலன்ஸ் எப்போது வந்தது என்பது அங்கே வாக்குமூலமாகப் பதிவாக வேண்டும். பின்னால் வழக்குக்கு அதுதான் அடிப்படை.

கழகக்காரர்களே, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றம் குறைந்த தனிப் பாதை ஒதுக்குங்கள். வைத்தியரின் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். ஊருக்குப் போக நினைக்கும் பெரியவர்களே, தை மாதமே பிரஷர் பார்த்து, மெதுவாக ஏற்றத்தில் நடக்கத் தொடங்குங்கள்.